கழல வேண்டிய நட்டு

அம்பாசடர் எஞ்சினில் கை வைத்துத் தொழில் பழகியவர்களுக்கு அந்தப் பித்தளை நட்டுகள் மறந்திருக்காது. பானெட்டைத் தூக்கினால் இன்லெட் மேனிபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும். இரண்டின் காதையும் சேர்த்து அழுத்தும் தடித்த வாஷர், அதன்மேல் மற்ற நட்டுகளைவிடச் சற்று உயரமாக, கரி படிந்து மங்கிய பித்தளை நட்டு. எஞ்சின் முழுக்க இரும்பாக இருக்க, சூடு அதிகம் படும் இடத்தில் மட்டும் ஏன் இந்த மெத்தென்ற உலோகம் என்று கேட்டேன். மேஸ்திரி தலையைத் திருப்பாமலே சொன்னார்: "நாளைக்குக் கழட்டணும்ல?"

அந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் வடிவமைப்பு. அதை வரைந்தவர்கள் மேனிபோல்டைப் பூட்டும் நாளை மட்டும் நினைக்கவில்லை. பல வருடம் கழித்து எங்கோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவன் அதைக் கழற்றப்போகிறான் என்பதையும் நினைத்திருக்கிறார்கள். இரும்பு ஸ்டட்டில் இரும்பு நட்டைப் போட்டுச் சூட்டிலும் ஈரத்திலும் விட்டால் மரையின் இடுக்கில் துரு ஏறும். துருவாக மாறிய இரும்புக்கு முன்பிருந்ததைவிட அதிக இடம் தேவை. மரைக்குள் அந்த இடம் கிடையாது. அதனால் நட்டும் ஸ்டட்டும் நெரிந்து ஒன்றோடொன்று கட்டிக்கொள்கின்றன. பித்தளை அப்படித் துருப்பிடிப்பதில்லை. அதையும் மீறி ஒருவன் முரட்டுத்தனமாகத் திருகினால் முதலில் உருள்வது நட்டின் மரை, ஸ்டட் பிழைக்கும். ஸ்டட் பிழைத்தால் சிலிண்டர் ஹெட் பிழைக்கும். விலை குறைந்த பொருள் முதலில் தோற்கட்டும் என்று திட்டமிட்டு வைத்த இந்த ஏற்பாட்டை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

கார் பட்டறையிலிருந்து காசிமேட்டுப் பக்கம் விசைப்படகு எஞ்சின் வேலைக்கு வந்த பிறகுதான் துரு என்றால் என்ன என்று முழுதாகத் தெரிந்தது. அன்றைய படகுகள் பலவற்றில் லாரியிலிருந்து இறக்கிய ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஓடும். மேனிபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடாது, வெறும் வார்ப்பிரும்புதான். அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றியிருப்பார்கள். கடலில் இருக்கும்வரை மேனிபோல்டு நானூறு டிகிரியைத் தொடும். கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தினால் ராத்திரி முழுக்க உப்புக்காற்று எஞ்சின் அறைக்குள் இறங்கி, ஆறிய இரும்பின்மேல் ஈரமாகப் படியும். மறுநாள் சூட்டில் ஈரம் போய்விடும், உப்பு மட்டும் தங்கும். இப்படி நாள்தோறும் நடந்தால் எந்த ஸ்டட்தான் தாங்கும்?

அந்த ஸ்டட்டைப் பார்க்கும் வேளை வருடத்துக்கு ஒருமுறை வரும். 2001-இலிருந்து மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று வந்தது. முதலில் 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, எஞ்சின் பிரிப்பது எல்லாம் அப்போதுதான். மீனவருக்கு வருமானம் இல்லாத அந்த நாட்களில் ஒரு ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே ஒடிந்தால் லேத் பட்டறைச் செலவு, ஆள் கூலி, காத்திருப்பு எல்லாம் அவர் தலையில் விழும். நட்டு எந்த உலோகம் என்ற பேச்சை நான் அற்பமாக நினைக்காததற்கு அதுதான் காரணம்.

பிடித்துக்கொண்ட நட்டைக் கழற்றுவது கையில் இருக்கும் வித்தை. முந்தின நாளே மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி வைப்போம். காலையில் கேஸ் நெருப்பை நட்டின்மேல் மட்டும் காட்டுவோம், ஸ்டட்டில் படாமல். நட்டு மங்கலாகச் சிவந்ததும் நெருப்பை எடுத்துவிட்டு, சிவப்பு அடங்கிய பின் மெழுகுவர்த்தியை மரை தெரியும் இடத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு வளைய ஸ்பானர். முதலில் கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை. அப்புறம் கழற்றும் பக்கம். இப்படி முன்னும் பின்னும் அசைத்து அசைத்துத்தான் கொண்டுவர வேண்டும். நட்டு விடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவ்வளவு பொறுமையும். சத்தம் வராமல் ஸ்பானர் மட்டும் கொழகொழவென்று, பிசைந்த மாவுக்குள் கரண்டி திரும்புவதுபோல இளகித் திரும்பினால் ஆபத்து. நட்டு கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் கையை நிறுத்தத் தெரிந்தவன்தான் மெக்கானிக்.

இன்று இம்பாக்ட் கன் வந்துவிட்டது. பேட்டரியில் ஓடுவது, கைக்கு அடக்கமானது. சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் அதைப்போல ஒரு வசதி இல்லை. ஆனால் மேனிபோல்டு நட்டில் அதை வைக்கும் பையனிடம் நான் கோபப்படுவேன். 'டக்'குக்கும் கொழகொழப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கருவி கைக்குச் சொல்லாது. ஸ்டட் ஒடிந்த பிறகுதான் தெரியும்.

காலம் மாறியதில் இன்னொன்றும் வந்தது: எங்கும் எஸ்.எஸ். முன்பெல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் என்பது ஆஸ்பத்திரிச் சாமானுக்கும் பால் பண்ணைக்கும் உரியது. இப்போது எந்த ஹார்டுவேர் கடையிலும் பெட்டி பெட்டியாக இருக்கிறது. பளபளவென்று, துருவே படாது என்ற உறுதியோடு. ஒரு தடைக்காலத்தில் இளவயதுப் படகு உரிமையாளர் ஒருவர் பை நிறைய வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணே, வருஷா வருஷம் இந்த ரோதனை வேணாம். மேனிபோல்டுக்கு எல்லாம் எஸ்.எஸ். ஸ்டட்டு, எஸ்.எஸ். நட்டாவே போட்டுடுங்க. செலவு போனா போவுது."

"டெக்குல போடு தம்பி, கைப்பிடிக் கம்பிக்குப் போடு, அங்க அது சரி. இங்க வேணாம்."

"துருப்பிடிக்காதுல்லண்ணே?"

"துருப்பிடிக்காது. ஆனா கழலவும் கழலாது."

நியாயமான ஆசைதான் அவருடையது. உப்புக்கு எதிரி எஸ்.எஸ். என்றால் உப்பு அதிகம் உள்ள இடத்தில் அதைத்தானே போட வேண்டும்? மேனிபோல்டின் சூடு அந்தக் கணக்கைக் கெடுக்கிறது. எப்படிக் கெடுக்கிறது என்று அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன். கேட்கும் எல்லாருக்கும் விளக்குகிறேன்.

எஸ்.எஸ். துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். மரையோடு மரை அழுத்தி உரசும்போது அந்தப் படலம் கிழிகிறது. கீழே இருப்பது மென்மையான, ஒட்டும் குணமுள்ள உலோகம். இரண்டு பக்கமும் அதே உலோகம் என்றால் ஒன்றோடொன்று இழைந்து, வெல்டிங் வைத்தாற்போல் பிடித்துக்கொள்ளும். துரு ஒரு துளி இல்லாமலே நட்டு சிக்கிவிடும். இறுக்கும்போதே பாதி வழியில் நின்றுவிட்ட எஸ்.எஸ். நட்டுகளைப் பார்த்திருக்கிறேன், முன்னேயும் போகாது, பின்னேயும் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது விரிவு. 304 எஸ்.எஸ். ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 17 மைக்ரான் விரியும். வார்ப்பிரும்பு விரிவது சுமார் 11 மைக்ரான். மேனிபோல்டுக் காதைப் பிடிக்கும் ஸ்டட்டின் நீளம் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 400 டிகிரி ஏறினால் ஸ்டட் காதைவிட 0.07 மி.மீ. அதிகமாக நீளும். ஒன்றுமில்லாத அளவுபோலத் தோன்றும். ஆனால் ஒரு ஸ்டட் எதையும் பிடித்திருப்பதே, இறுக்கும்போது அது ரப்பர்போல இம்மியளவு இழுபட்டிருப்பதால்தான். அந்த இழுப்பு 30 மி.மீ.-க்கு ஏறக்குறைய 0.05 மி.மீ. வரும், அவ்வளவே. அதைவிட அதிகமாக ஸ்டட் தானாகவே நீண்டுவிட்டால் பிடிமானம் எங்கே இருக்கும்? நிஜத்தில் ஸ்டட் காதைவிடக் கொஞ்சம் சூடு குறைவாக இருப்பதால் இழப்பு இந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனாலும் போதுமான அளவுக்குத் தளரும். பேக்கிங் ஊதத் தொடங்கும், கேஸ் ஒழுகும்.

டீசல் படகில் எக்ஸாஸ்ட் ஒழுகினால் சத்தத்தோடு முடிவதில்லை. எஞ்சின் அறையில் கரிப்புகையும் கார்பன் மோனாக்சைடும் நிறையும். அதன் தலைக்குமேல்தான் ஆட்கள் படுத்துத் தூங்குகிறார்கள். எண்ணெய் ஊறிய கயிற்றிலோ சாக்கிலோ சூடான கேஸ் நேராகப் பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும். நடுக்கடலில் தீ என்பதைக் கரையில் உட்கார்ந்து பேசிக்கூடப் பார்க்க முடியாது.

எஸ்.எஸ்.ஸிடம் எனக்கு உள்ள பெரிய பயத்தைக் கடைசியாகச் சொன்னேன். 304-ஓ 316-ஓ, இழுவிசையில் இருக்கும்போது உப்பின் குளோரைடும் 60 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் சேர்ந்தால் உள்ளுக்குள் விரிசல் ஓடும். சூடும் ஈரமும் மாறி மாறி வரும் இடத்தில் உப்பு அடர்த்தியாகச் சேரும் என்பதால் எங்கள் படகு எஞ்சினில் அதற்கு எல்லா வசதியும் உண்டு. மேலே பார்த்தால் பளபளப்பு அப்படியே இருக்கும். ஒரு நாள் தலை மட்டும் கையோடு வந்துவிடும். சாதாரண இரும்பு ஸ்டட் அப்படி ஏமாற்றாது. மெலிவதைக் கண்ணால் பார்க்கலாம், மாற்ற அவகாசம் கொடுக்கும்.

எஸ்.எஸ். வேண்டாம் என்றால் அடுத்து எல்லாரும் நீட்டுவது துத்தநாகம் பூசிய 8.8 போல்ட். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மின்னும். துத்தநாகம் உருகுவதே 419 டிகிரியில். அதற்கு வெகு முன்பே பூச்சின் பாதுகாப்பு போய், வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, பின்னால் இரும்பு தெரியும். 8.8, 10.9 என்ற எண்கள் சாதாரண வெப்பத்தில் உள்ள பலத்தைச் சொல்பவை. அந்தப் பலம் பதம் போடுவதால் வந்தது, 8.8-க்குப் பதம் போடும் சூடு குறைந்தது 425 டிகிரி. அதையொட்டிய சூட்டிலேயே நாள்கணக்கில் வேலை வாங்கினால் பதம் இளகிவிடும். ஸ்பிரிங் வாஷரும் அப்படித்தான். சூட்டில் வில் செத்துத் தட்டையாகிவிடும். மேனிபோல்டில் அதைப் போடுவதே வீண்.

சரி, எதைத்தான் போடுவது? எனக்கு விடை கிடைத்தது எஞ்சின் ஸ்பேர்ஸ் கடையில் அல்ல, பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில். இரும்பும் எஸ்.எஸ்.ஸும் பைப்பும் வால்வும் விற்கும் தெரு. மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற தொழிற்சாலைகளில் நீராவிக் குழாய் ஃபிளாஞ்சுகளைப் பிடிக்கும் ஸ்டட்கள் அங்கே கிடைக்கும். கறுப்பாக, எண்ணெய் பூசி, முழு நீளத்துக்கும் மரையோடு. முனையில் பி7 என்று குத்தியிருக்கும். ஒரு சதவீதம் அளவுக்குக் குரோமியமும் சிறிது மாலிப்டினமும் கலந்த எஃகு. 593 டிகிரிக்குக் குறையாமல் பதம் போட்டது. அதனால் மேனிபோல்டுச் சூட்டில் பலம் இழக்காது. அதன் விரிவும் வார்ப்பிரும்பின் விரிவும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் சூடேறினாலும் பிடி தளராது. உப்பில் மேலே துருப்பிடிக்கும், அது உண்மை. ஆனால் துரு மரைக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அந்தக் கடைகளில் நின்று கவனித்தால் பாடம் கிடைக்கும். எஸ்.எஸ். கேட்பவருக்குக் கடைக்காரர் காந்தத்தை எடுத்து வைத்துக் காட்டுவார், ஒட்டாது. வாங்குபவர் திருப்தியாகப் பணம் கொடுப்பார். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்த 202-உம் காந்தத்தில் ஒட்டாது என்பது பலருக்குத் தெரியாது. அது கடற்கரையில் சீக்கிரமே பழுப்புக் கறை காட்டிவிடும். ஒரு சொட்டு ரசாயனம் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் மாங்கனீசு தெரிந்துவிடும். மொத்தமாக வாங்குகிறவர்கள் அந்தச் சிறு பெட்டியைக் கையோடு வைத்திருப்பார்கள். தலையில் ஏ2-70, ஏ4-80 என்று குறியும், செய்தவர் அடையாளமும் இல்லாத எஸ்.எஸ். போல்டை நான் டெக்குக்குக்கூட வாங்குவதில்லை. 1960-களில் பாடியில் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து தரமான போல்ட் செய்யும் ஊர் இது. அந்த ஊரில் குறியில்லாத போல்டை நிறுத்து வாங்கி எஞ்சினில் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஸ்டட் பி7 என்று முடிவானால், நட்டு? இங்கேதான் பழைய அம்பாசடர் திரும்ப எனக்கு வழிகாட்டியது. சுற்றித் தண்ணீர் ஓடி ஆறும் மேனிபோல்டு என்றால் உயரமான பித்தளை நட்டு இன்றைக்கும் சரியானது. கடல்தண்ணீர் நேராகத் தெறிக்கும் இடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை. பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போய், செம்பு நிறத்தில் நமத்துப்போன நட்டு மிஞ்சும். தண்ணீர் இல்லாத, டர்போவும் ஏற்றிய எஞ்சினில் பித்தளை போடக் கூடாது. அந்தச் சூட்டில் அது இளகிப் பிடி விடும். அங்கே செம்பு பூசிய எஃகு நட்டு. ஜெர்மன் கார்களில் பல காலமாக இருப்பதுதான். மரைகளுக்கு நடுவே செம்பு இருப்பதால் எஃகும் எஃகும் இழையாது. ஸ்டட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்காத அளவுக்கு நட்டின் உயரம் இருந்தால் இன்னும் நல்லது. வெளியே தெரியும் மரைதான் முதலில் துருப்பிடித்து, கழற்றும்போது நட்டை வழியில் மறிக்கிறது.

மரையில் பூசுவதற்கு அன்று கிராஃபைட் பொடியை எண்ணெயில் குழைத்துக்கொண்டோம். இன்று செம்புப் பசை, நிக்கல் பசை என்று டப்பாவில் வருகிறது. முன்னேற்றம் என்றால் இதைச் சொல்வேன். ஆயிரம் டிகிரி வரை தாங்கும் பசை ஒரு கை அகல டப்பாவில் கிடைப்பது எங்கள் காலத்தில் நினைத்துப் பார்க்காத வசதி. எஸ்.எஸ். போட்டே ஆக வேண்டிய இடத்தில் நிக்கல் பசை இல்லாமல் இறுக்கக் கூடாது. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: பசை பூசிய மரை வழுக்கும். புத்தகத்தில் காய்ந்த மரைக்குச் சொன்ன டார்க்கை அப்படியே கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். கால் பங்கு வரை குறைக்க வேண்டிவரும். எவ்வளவு என்பது டப்பாவிலேயே எழுதியிருக்கும். நடுவிலிருந்து இரண்டு ஓரங்களுக்குமாக, இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் நன்றாகச் சூடேறி, முழுதாக ஆறியபின் மறுபடி ஒரு தரம் டார்க் பார்க்க வேண்டும். பேக்கிங் புதிதாக அமர்ந்திருக்கும்; அந்த ஒரு தரத்தைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு ஸ்டட்டைக் குறை சொல்வது.

எல்லா எஞ்சினுக்கும் இதே விடை என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்த பிறகு ஓடும் டர்போ பெட்ரோல் கார்களில் எக்ஸாஸ்ட் கேஸ் தொள்ளாயிரம் டிகிரியைத் தாண்டுவதுண்டு. ஹெட் அலுமினியம்; அது வார்ப்பிரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். அந்தச் சூட்டுக்கு பி7 போதாது. ஏ286 போன்ற, கால் பங்கு நிக்கல் கலந்த உலோகத்தில் ஸ்டட் செய்கிறார்கள். அங்கே கம்பெனி கொடுத்ததை மாற்றி நாமாக ஒன்றைப் போடுவது ஆபத்து. அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனால் அதன் மேனிபோல்டில் இருந்த கேள்வி இந்தப் புதிய எஞ்சின்களில் இன்னும் கடுமையாகத் திரும்பி வந்திருக்கிறது. எவ்வளவு சூடு, எதன்மேல் எது விரிகிறது, ஒடிந்தால் எது ஒடிய வேண்டும், யார் கழற்றப்போகிறார்.

அந்த இளைஞரின் படகுக்குக் கடைசியில் பி7 ஸ்டட், செம்பு பூசிய நட்டு, தடித்த எஃகு வாஷர், கிராஃபைட் பேக்கிங் என்று போட்டோம். அவர் வாங்கி வந்த எஸ்.எஸ். வீணாகவில்லை, டெக்கில் வின்ச்சுக்குப் பக்கத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்குப் போதுமானதாக இருந்தது. எக்ஸாஸ்ட் குழாய் கூரையைத் தாண்டி வெளியே வரும் இடத்தில், சூடு குறைந்து மழையும் அலையும் படும் ஃபிளாஞ்சுக்கு மட்டும் 316 வாங்கி வரச் சொன்னேன், நிக்கல் பசையோடு. அங்கேயும் வருடாவருடம் கழற்றிப் பார்த்து மாற்ற வேண்டும் என்று சொல்லித்தான் போட்டேன்.

மூட்டி முடித்ததும் டைமிங் கவரைத் துடைத்து, பெயிண்ட் பேனாவால் எழுதி வைத்தேன்: ஸ்டட் பி7, நட்டு செம்பு, பசை நிக்கல், டார்க் இவ்வளவு, மாற்றிய வருடம். அடுத்த தடைக்காலத்தில் அதைத் திறப்பவர் நானாக இல்லாமல் போகலாம். யார் திறந்தாலும் ஸ்பானரை எடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுவார்.